மாதிரிக் கலப்புத் தடுப்பு

மாதிரிக் கலப்பு என்பது, ஆய்வுக்கு வந்த ஒரு மாதிரியில் பிறிதொரு மாதிரியின் சிறு பகுதியோ, ஆய்வகத்தின் காற்று, கருவி, வேதிப்பொருள், ஆய்வாளரின் கை ஆகியவற்றிலிருந்து வந்த பொருளோ சேர்ந்து, இல்லாத ஒன்றை இருப்பதாகவோ, ஒன்றை மற்றொன்றாகவோ காட்டிவிடுவதாகும். இதனைத் தடுக்க ஏற்பட்ட இட அமைப்புகள், கருவிகள், பழக்கங்கள், ஒப்புச் சோதனைகள் யாவும் சேர்ந்தே கலப்புத் தடுப்பு எனப்படுகின்றன. பளபளவென்று கழுவிய மேசையிலும் கலப்பு நிகழும். ஆகவே இதனைத் துப்புரவின் ஒரு பிரிவாக மட்டும் கருதுவது பொருந்தாது. ஆய்வு முறைகளின் நுட்பம் கூடக் கூடக் கலப்பின் ஆபத்தும் கூடியது என்பதே இத்துறை வரலாற்றின் அடிப்படைச் செய்தியாகும்.

தமிழ்நாட்டில் இவ்வொழுங்கு அன்றாடத் தேவையாக உள்ள இடங்களுள் நாமக்கல் வட்டாரம் ஒன்று. நாட்டின் பெரிய முட்டை உற்பத்தி மையங்களுள் ஒன்றான இம்மாவட்டத்தில், நாமக்கல்லிலிருந்து காவிரிக்கரை ஊரான மோகனூருக்குச் செல்லும் சாலையில், 1985-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக அது இயங்குகிறது. பண்ணையில் கோழிகள் திடீரென இறக்கும்போது இறந்த பறவையை அறுத்துப் பார்ப்பதே நோயறிதலின் முதற்படி. கலப்புத் தடுப்பும் அந்த மேசையிலேயே தொடங்குகிறது. இறகுத் தூசி பறக்காதிருக்கப் பறவையை முதலில் கிருமிநாசினி நீரில் நனைப்பர். மூச்சுக்குழல், நுரையீரல், ஈரல், மண்ணீரல் ஆகியவற்றின் துண்டுகளை எடுத்து முடித்த பின்னரே குடலைத் திறப்பர். முதலிலேயே திறந்தால் குடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்கள் பிற உறுப்புகளில் படிந்து, நோயை உண்டாக்கியவை போலத் தோன்றும். ஈரலிலிருந்து நுண்ணுயிரை வளர்க்க வேண்டுமானால், பழுக்கக் காய்ச்சிய தகட்டால் அதன் மேற்பரப்பைச் சுட்டுவிட்டு, சுட்ட இடத்தினூடே உள்ளிருந்து மாதிரி எடுப்பர். ஒவ்வோர் உறுப்பும் தனிப் புட்டியில், தனி எண்ணுடன் செல்லும்.

இப்பழக்கங்களின் வேர் உயிரியலைவிட வேதியியலில் ஆழமாக உள்ளது. ஆங்கிலேய வேதியியலர் ஜேம்ஸ் மார்ஷ் 1836-இல் வெளியிட்ட பாஷாணச் சோதனையில், ஐயத்துக்குரிய பொருளுடன் துத்தநாகத்தையும் அமிலத்தையும் சேர்த்து, வெளிவரும் வாயுவைச் சூடாக்கினால், கண்ணாடியில் கரிய பளபளப்பான படலம் படியும். மிகச் சிறிய அளவு நஞ்சையும் காட்டிய அச்சோதனை, துத்தநாகத்திலேயே கலந்திருந்த பாஷாணத்தையும் அதே போலக் காட்டியது. 1859-இல் இங்கிலாந்தின் ஸ்மெதர்ஸ்ட் கொலை வழக்கில் இவ்வகைப் பிழை வெளிப்பட்டது. நச்சியல் அறிஞர் ஆல்பிரட் ஸ்வெயின் டெய்லர் ஒரு புட்டியில் பாஷாணம் இருப்பதாகக் கூறினார். அது சோதனைக்கு அவர் பயன்படுத்திய செப்பு வலையிலிருந்தே வந்தது என்று பின்னர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர் அக்குற்றத்திலிருந்து மன்னிக்கப்பட்டார். மாதிரி எதுவும் சேர்க்காமல் வேதிப்பொருள்களை மட்டும் கொண்டு அதே சோதனையை நடத்திப் பார்க்கும் ‘வெற்றுச் சோதனை’ இன்றியமையாதது என்பதை இத்தகைய நிகழ்ச்சிகளே நிலைநாட்டின. சென்னையில் 1849-இல் ஏற்பட்ட வேதியியல் ஆய்வாளர் அலுவலகமும், அதன் வழிவந்த தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையும் ஐயத்துக்குரிய நஞ்சுகளைத் தேடும் இதே பணியில் வளர்ந்தவை.

நுண்ணுயிரியலில் இச்சிக்கலுக்கு வேறொரு முகம் உண்டு. இங்கே கலந்த பொருள் பெருகவும் செய்யும். ராபர்ட் கோக் 1881-இல் திடமான ஊட்டத்தளத்தில் நுண்ணுயிர்களைத் தனித்தனிக் கூட்டங்களாக வளர்க்கும் முறையை விளக்கிக் காட்டினார். அவருடைய உதவியாளர் ரிச்சர்டு பெட்ரி 1887-இல் விளிம்புடைய மூடிகொண்ட தட்டை அறிமுகப்படுத்தினார். காற்றிலிருந்து விழும் தூசியைத் தடுத்து, அதே நேரத்தில் உள்ளிருப்பதைக் காணவும் இடந்தந்த அந்த மூடி, எளிய தோற்றத்துக்கு மிஞ்சிய பயனை இத்துறைக்கு அளித்தது.

கலப்பு எந்தப் படியில் நேர்ந்தது என்பதைக் கண்டறிவது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்தியாவின் முல்கோவால் நிகழ்ச்சி நிலையான சான்று. 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் 107 பேருக்கு, வால்டேமர் ஹாப்கின் பம்பாயில் தயாரித்த பிளேக் தடுப்பூசி போடப்பட்டது. ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் இரணஜன்னியால் இறந்தனர். மற்றப் புட்டிகளிலிருந்து ஊசி பெற்றவர்களுக்கு அத்தீங்கு நேரவில்லை. மருந்தில் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை ஹாப்கின் கைவிட்டிருந்ததால் விசாரணைக் குழு பம்பாய் ஆய்வகத்தையே குறை கூறியது. அவர் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். ஆனால் அப்புட்டியைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்ததும், அது முறைப்படி தூய்மை செய்யப்படாமல் மீண்டும் பயன்பட்டதும் பின்னர் முக்கியத்துவம் பெற்றன. ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் வெளிப்படையாக வாதிட்ட பிறகு, 1907-இல் ஹாப்கின் மீதான பழி நீங்கியது. பெரிய ஆய்வகத்தின் கொதிகலன்களையும் வடிகட்டிகளையும் பற்றியே பேசிய விசாரணை, ஊர்ப்பொதுவிடத்தில் கீழே விழுந்த ஓர் இடுக்கியை நெடுநாள் பொருட்படுத்தாமல் விட்டது வியப்புக்குரியது. இறந்தவர் அனைவரும் 53என் என்ற ஒரே புட்டியைச் சேர்ந்தவர் என்பதைப் பதிவேடு காட்டியதே ஆய்வைச் சரியான திசையில் திருப்பியது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி கருவிகளின் காலம். கண்ணாடிக் குழாயை வாயால் உறிஞ்சித் திரவத்தை அளக்கும் வழக்கம் ஆய்வாளருக்கும் மாதிரிக்கும் ஒருசேரத் தீங்கானது. ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் 1957-இல் வடிவமைத்த, கட்டைவிரலால் அழுத்தி இயக்கும் பிப்பெட், ஒவ்வொரு முறையும் கழற்றி எறியக்கூடிய நெகிழி முனையையும் வழக்கில் கொண்டுவந்தது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வில்லிஸ் விட்பீல்டு, காற்றை ஒரே திசையில் சீராக ஓடவிட்டுத் தூசியை அகற்றும் தூய அறையை உருவாக்கினார். இன்றைய ஆய்வகத்தார் ‘லேமினார்’ என்று சுருக்கமாகக் கூறும் பேழை இதே கருத்தில் அமைந்தது; அதன் ஹெப்பா வடிப்பான் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும்.

கோழி நோயியலில் முட்டையே ஓர் ஆய்வுக் கலம். தமிழில் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கேட் நோயின் வைரசை வளர்க்க, 9 முதல் 11 நாள் வரை அடைகாத்த கருமுட்டைகளைப் பயன்படுத்துவர். ஓட்டைச் சாராயத்தால் துடைத்து, சிறு துளையிட்டு, மாதிரியைச் செலுத்தி, மெழுகால் அடைப்பர். மாதிரி செலுத்தாத முட்டைகள் சிலவும் உடன் அடைகாக்கப்படும். முதல் 24 மணி நேரத்துக்குள் கரு இறந்தால் அதனை ஊசிக்காயத்தாலோ கலப்பாலோ நேர்ந்ததாகக் கொண்டு நீக்கிவிடுவர். முட்டையே நோய்க்கிருமியைச் சுமந்து வரக்கூடும் என்பதால், குறித்த நோய்கள் அற்றவை எனச் சான்று பெற்ற கோழிக்கூட்டங்களின் முட்டைகளை நாடும் வழக்கம் பரவியது. மனித உயிரணு வளர்ப்பிலும் இதற்கு இணையான பாடம் கிடைத்தது: 1951-இல் எடுத்து வளர்க்கப்பட்ட ஹீலா என்னும் புற்று உயிரணுக்கள், வேறு உறுப்புகளுக்குரியவை என நம்பப்பட்ட பல வளர்ப்புகளில் ஊடுருவியிருந்ததை ஸ்டான்லி கார்ட்லர் 1966-இல் எடுத்துக்காட்டினார்.

கலப்புத் தடுப்பில் மிகப் பெரிய மாற்றத்தை உண்டாக்கியது, கேரி முல்லிஸ் 1983-இல் கண்ட பி.சி.ஆர். முறை. டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும் இம்முறையில், 30 சுற்றுகளில் ஒரு படி ஏறக்குறைய நூறு கோடியாகும். ஆகவே சோதனை முடிந்த குழாயைத் திறக்கும்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துமியில்கூட, அடுத்த நாளின் மாதிரிகளைப் பொய்யாக்கப் போதிய படிகள் இருக்கும். ஷெர்லி குவோக், ரஸல் ஹிகுச்சி ஆகியோர் 1989-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய குறிப்பு, இதற்கான ஒழுங்கைத் தொகுத்துக் கொடுத்தது. வேதிக்கலவை தயாரிக்கும் இடமும், மாதிரி சேர்க்கும் இடமும், பெருக்கிய பொருளைக் கையாளும் இடமும் பிரிக்கப்பட வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் தனிப் பிப்பெட்டும் மேலங்கியும் இருத்தல் வேண்டும். கடைசி அறைக்குச் சென்றவர் அன்று முதல் அறைக்குத் திரும்புவதில்லை. முனைகளுக்குள் துமியைத் தடுக்கும் அடைப்பு வைக்கப்பட்டது. மேசையைச் சாராயத்தால் துடைப்பது கிருமியைக் கொல்லுமே தவிர டி.என்.ஏ.வைச் சிதைக்காது என்பதால், சோடியம் ஹைப்போகுளோரைட்டால் துடைத்துப் புறஊதா ஒளியும் பாய்ச்சுவர். 1990-இல் வந்த மற்றொரு வழி நுட்பமானது: பெருக்கும்போது தைமினுக்குப் பதிலாக யூராசிலைச் சேர்த்துவிட்டால், அடுத்த சோதனையின் தொடக்கத்தில் ஒரு நொதி யூராசில் உள்ள பழைய படிகளை மட்டும் அழித்து, புதிய மாதிரியின் இயற்கை டி.என்.ஏ.வை விட்டுவிடும். இத்தனைக்குப் பிறகும் ஒவ்வொரு வரிசையிலும் மாதிரி இல்லாத, நீர் மட்டும் கொண்ட ஒரு குழாய் வைக்கப்படுகிறது. அதில் வைரஸ் ‘கிடைத்தால்’ அன்றைய முடிவுகள் அனைத்தும் தள்ளுபடியாகும்.

தீவன ஆய்விலும் நிலைமை வேறில்லை. மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு, 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருமளவில் இறந்ததைத் தொடர்ந்து கண்டறியப்பட்டது. நூறு கோடியில் சில பங்குகள் என்ற அளவில் இதனை அளப்பதால், அரைக்கும் இயந்திரத்தின் பல்லிடுக்கில் தங்கிய முந்தைய மாதிரியின் மாவே முடிவை மாற்றப் போதும். எனவே இயந்திரத்தைத் துலக்கிய பின், புதிய மாதிரியில் ஒரு கைப்பிடியை அரைத்துக் கொட்டிவிட்டே எஞ்சியதை ஆய்வுக்கு அரைப்பர்.

பறவைக் காய்ச்சல் ஆய்வில் இப்பிழையின் விளைவு மிகப் பெரிது. 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் இந்நோய் இந்தியக் கோழிகளிடம் முதன்முதலாக உறுதிப்பட்டது. உறுதிசெய்யும் பொறுப்பு போபாலின் உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குரியது. ஒரு மாதிரியின் முடிவைப் பொறுத்தே பண்ணைகளில் கோழிகள் அழிக்கப்படுவதும், முட்டை வணிகம் நிற்பதும் தீர்மானிக்கப்படுகின்றன. சிறந்த வசதி பெற்ற இடங்களிலும் தவறு நேரும் என்பதை 2014-ஆம் ஆண்டு காட்டியது. அமெரிக்காவின் அட்லாண்டா நோய்த்தடுப்பு மையம் வேளாண் துறையின் கோழி ஆய்வகத்துக்கு வீரியம் குறைந்த எச்9என்2 வைரசை அனுப்பியது. அதனைப் பெற்ற கோழிகள் எதிர்பாராமல் இறந்தன. கொடிய எச்5என்1 அதில் கலந்திருந்தது. குறைந்தது 90 நிமிடம் பிடிக்க வேண்டிய வேலை 51 நிமிடத்தில் முடிந்திருந்ததை விசாரணை பதிவுசெய்தது. கருவிப் பற்றாக்குறை அங்கே காரணமன்று, அவசரமே காரணம்.

வேண்டுமென்றே மாதிரிகளை ஒன்றுசேர்ப்பதும் உண்டு, அது கலப்பன்று. 2020 ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், தொற்று குறைவான பகுதிகளில் ஐந்து பேர் வரையிலான கொரோனா மாதிரிகளை ஒரே குழாயில் சோதிக்க இசைந்தது. அக்குழாயில் தொற்று தெரிந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே மீண்டும் சோதிக்க வேண்டும். அதற்கு ஐந்து மூல மாதிரிகளும் ஒன்றோடொன்று படாமல், எண் மாறாமல், குளிர்பெட்டியில் காத்திருக்க வேண்டும்.