நாகூர் ஹனீபா: இரு மேடைகளின் குரல்

எகிப்து தேசத்தில், நைல் நதியின் கழிமுகத்துக் கிராமம் ஒன்றில் பள்ளிவாசல் இமாமின் மகளாகப் பிறந்து, பெண்பிள்ளை சபையில் பாடுவதை ஊர் ஏற்காது என்று அஞ்சிய தகப்பனாரால் ஆண் வேஷம் தரிக்கப்பெற்று, ஊர் ஊராகச் சென்று பக்திப் பாடல்கள் பாடிய சிறுமி உம்மு குல்தூம், பிற்காலத்தில் அரபு நாடுகள் அனைத்துக்கும் பொதுவான குரலாக உயர்ந்த சரித்திரத்தைச் சென்ற வாரம் கண்டோம். மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவுகளில் கெய்ரோ வானொலி அவருடைய கச்சேரியை ஒலிபரப்பும்பொழுது, எகிப்தியர் மட்டுமன்றி அயல்நாட்டு அரபு ஜனங்களும் அதற்காகவே காத்திருந்தார்கள். 1967-ஆம் ஆண்டு யுத்தத்தில் தேசம் தோற்றுத் துவண்டிருந்த வேளையில் பாரிஸ் முதலிய நகரங்களில் பாடி நாட்டுக்கு நிதி திரட்டித் தந்த அந்த அம்மையார், 1975 பிப்ரவரி 3-ஆம் தேதி காலமானபோது கெய்ரோ வீதிகளில் திரண்ட கூட்டத்துக்கு அளவே இல்லை. இளமையில் திருக்குர்ஆன் ஓதிப் பழகியதால் வாய்த்த அட்சரசுத்தமே அவருடைய சங்கீதத்தின் அஸ்திவாரம். சொல் தெளிவாக விழுந்தமையால்தான், எழுத்தறியாத உழவனும் கவிஞர் அகமது ராமியின் வரிகளைத் தன் வரிகளாகக் கொண்டான்.

தமிழ்நாட்டில் இந்த வகைக் குரல் யாருக்கு வாய்த்தது என்று வினவினால், நான் தயக்கமின்றி நாகூர் ஈ.எம்.ஹனீபாவின் பெயரைச் சொல்வேன்.

1925 டிசம்பர் 25-ஆம் தேதி இராமநாதபுரத்தில் பிறந்து, நாகூரைத் தம் பெயரோடு பிரிக்கவொண்ணாதபடி இணைத்துக்கொண்ட இஸ்மாயில் முகம்மது ஹனீபா, பால்ய வயதிலேயே கலியாண வீடுகளில் பாடத் தொடங்கியவர். ஷாகுல் ஹமீது ஆண்டகையின் தர்கா அமைந்த அவ்வூரில் இசைக்குப் பஞ்சமில்லை. கர்நாடக சங்கீதத்தைக் கிரமமாகப் பயின்ற எஸ்.எம்.ஏ.காதர் போன்ற வித்துவானையும் அந்தத் தர்காவே போஷித்தது. உமறுப்புலவரின் சீறாப்புராணமும், வடசென்னையில் வாழ்ந்து 1838-இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபின் ஞானப் பாடல்களும் வளர்த்த தமிழ் இஸ்லாமிய மரபு, ஏட்டிலும் சிறு சபைகளிலும் நின்றுவிடாமல் கடைவீதிக்கும் கிராமத் திடலுக்கும் வந்து சேர்ந்ததற்கு, உச்ச ஸ்தாயியிலும் சிதறாத ஹனீபாவின் வெண்கலச் சாரீரமே முதற்காரணம் என்பது என் துணிபு. கமகங்களின் நுட்பத்தை நாடிச் செல்பவர்களுக்கு அவரிடம் கிடைப்பது குறைவுதான். ஆனால், கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் ஓர் எழுத்துக்கூடச் சேதமின்றிப் போய்ச் சேர வேண்டும் என்ற நெறியில் அவரை விஞ்சியவர் அரிது.

அவருக்கு இன்னொரு மேடையும் இருந்தது. திராவிட இயக்கத்தில் இளமையிலேயே ஈடுபட்டு, பெரியார், அண்ணா, கலைஞர் ஆகிய மூவரோடும் பழகிய அவர், பேச்சாளர் வருமுன்பே பாட்டினால் கூட்டத்தைத் திரட்டிவைக்கும் வல்லமை பெற்றிருந்தார். அண்ணாவின் அழைப்பைச் சொல்லி அவர் பாடிய பாடலைக் கேட்டே கட்சிக்கு வந்தோம் என்று சொல்லும் முதியவர்கள் பலர். சட்ட மேலவை உறுப்பினர் பதவியும் வக்பு வாரியத் தலைமையும் அவரைத் தேடி வந்தன. ஆயினும் 1957-இல் நாகப்பட்டினத்திலும், 2002-இல் வாணியம்பாடி இடைத்தேர்தலிலும் ஜனங்கள் அவருக்கு வெற்றியைத் தரவில்லை. தீனையும் கட்சியையும் ஒரே தொண்டையால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பாடி, ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடாத அந்த உறுதியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சினிமாவில் அவர் பாடியவை சிலவே. எனினும் 'குலேபகாவலி', 'பாவ மன்னிப்பு' படங்களில் ஒலித்த அவருடைய குரலை மறந்தவர் இல்லை.

நான் வசிக்கும் மாங்காட்டில், ஆடி மாதம் பிறந்துவிட்டால் காமாட்சியம்மன் ஆலயத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் முழங்குகின்றன. லூர்து மேரி ராஜேஸ்வரி என்று பெயரிடப்பெற்ற கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்மணியின் குரல் அது என்பதைப் பக்தர்களில் அறிந்தவரும் உண்டு, அறியாதவரும் உண்டு. அவ்வாறே, கிளியனூர் அப்துல் சலாம் இயற்றி ஹனீபா பாடிய 'இறைவனிடம் கையேந்துங்கள்', ரமலான் மாதத்தில் மட்டுமன்றி எந்நாளிலும், எம்மதத்தவர் கடையிலும் ஒலிப்பதைப் பூவிருந்தவல்லி முதல் குன்றத்தூர் வரை நடந்து செல்பவர் கேட்கலாம். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூரில் அப்பாடல் ஒலிப்பதை அந்நியமாகக் கருதுபவரை நான் கண்டதில்லை. நபிகள் நாயகத்தைப் பாடவரும் இளைஞர் எவரும் இன்றைக்கும் ஹனீபாவின் எடுப்பிலேயே தொடங்குகிறார்.

அவர் 2015 ஏப்ரல் 8-ஆம் தேதி சென்னையில் காலமானார். அவருடைய இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் பல வீடுகளின் பரண்களில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. வாசகர்களில் எவரிடமேனும் அவை இருந்தால், பழைய இரும்போடு சேர்த்து விற்றுவிடாமல், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகம் ஒன்றை அணுகி, அவற்றைப் பாதுகாக்க வழி கேளுங்கள்.

(தொடரும்)