சிபி மாருகோ-சான்: வளராத சிறுமியும் வரைந்து பெற்ற தாத்தாவும்

ஜப்பானின் ஃபியூஜி தொலைக்காட்சியில் ஞாயிறுதோறும் மாலை 6 மணிக்கு ஒளிபரப்பாகும் ‘சிபி மாருகோ-சான்’ நகைச்சுவை அனிமே தொடர், மூன்றாம் வகுப்பில் படிக்கும் 9 வயதுச் சிறுமி ஒருத்தியின் வீட்டுக் கதையாகும். 1990 ஜனவரி 7-ஆம் தேதி தொடங்கிய இத்தொடர், 1992 முதல் 1995 வரையிலான இடைவெளி நீங்கலாக இன்றளவும் தொடர்கிறது. முதல் ஆண்டிலேயே, அக்டோபர் 28 அன்று, 39.9 சதவீதப் பார்வையாளர் அளவை இத்தொடர் எட்டியது.

இதன் மூலக்கதை, ‘ரிபோன்’ என்ற சிறுமியர் இதழில் 1986 முதல் வெளியான சித்திரக்கதை. அதனை எழுதி வரைந்தவர் சகுரா மொமோகோ. இது புனைபெயர், நாயகியின் பெயரும் இதுவே. ‘சிபி மாருகோ’ என்பது, சிறியவள், உருண்டை முகத்தாள் என்ற பொருளில் அமைந்த செல்லப்பெயர். 1965-இல் பிறந்த ஆசிரியர், ஷிசுவோகா மாகாணத்தின் ஷிமிசு துறைமுக நகரில் கழித்த தம் இளமைக்காலத்தையே கதையாக்கினார். காலம் 1970-களின் நடுப்பகுதி. அதனால்தான் மாருகோவின் அக்கா, அன்றைய பாடகர் ஹிதேகி சைஜோவின் தீவிர ரசிகையாக வருகிறாள்.

பெரிய சாகசம் எதுவும் இதில் நிகழ்வதில்லை. முதல் அத்தியாயமே ஒரு நோட்டுப் புத்தகத்துக்காக அக்காளும் தங்கையும் இடும் சண்டைதான். கோடை விடுமுறை வீட்டுப்பாடங்களைக் கடைசி நாள்வரை தள்ளிப்போட்டு, இறுதியில் குடும்பத்தையே உதவிக்கு இழுப்பவள் மாருகோ. அவள் பிதற்றும்போதெல்லாம் கதைசொல்லியின் வறண்ட குரல் இடைமறித்துக் குத்திக்காட்டும். அவமானம் நேர்ந்தால் முகத்தில் செங்குத்துக் கோடுகள் இறங்கும். இந்தக் கோடுகள் தரும் சிரிப்புக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

தொடரில் அதிகம் நேசிக்கப்படும் பாத்திரங்களுள் ஒருவர் தாத்தா தொமோசோ. பேத்தி எது கேட்டாலும் மறுக்காதவர். மனம் கலங்கினால் ஹைக்கூ புனைபவர். ஆனால் உண்மையான தாத்தா அப்படிப்பட்டவர் அல்லர். அவர் கடுகடுப்பானவர் என்றும், வீட்டில் எவரும் அவரிடம் ஒட்டவில்லை என்றும் 1991-இல் வெளியான ‘மோமோ நோ கன்சுமே’ கட்டுரைத் தொகுப்பில் ஆசிரியர் ஒளிவுமறைவின்றி எழுதினார். தொமோசோ, அவர் விரும்பிய தாத்தா. தன்வரலாறு என எண்ணிப் படித்த வாசகர்கள் பலருக்கு இது அதிர்ச்சியாக இருந்தது. வேறொரு மாற்றமும் உண்டு: ஆசிரியரின் பெற்றோர் காய்கறிக் கடை நடத்தினர், கதையில் வரும் தந்தை ஹிரோஷி என்ன தொழில் செய்கிறார் என்பது சொல்லப்படுவதேயில்லை.

ஆண்டுகள் எத்தனை கடந்தாலும் மாருகோ மூன்றாம் வகுப்பைத் தாண்டுவதில்லை. அவளைப் படைத்தவரும், அவளுக்குக் குரல் தந்தவரும் இன்று இல்லை. சகுரா மொமோகோ 2018 ஆகஸ்ட் 15-இல் மார்பகப் புற்றுநோயால் தமது 53-ஆம் வயதில் காலமானார். அவரது குரலோடு ஒத்திருந்ததாலேயே தேர்வானவர் எனக் கூறப்படும் குரல் நடிகை டாராகோ, 2024 மார்ச்சில் மறைந்தார். அடுத்த மாதம் முதல் கொகோரோ கிகுச்சி மாருகோவுக்குக் குரல் கொடுத்து வருகிறார்.