பெரட்டும் செக்ரோலும்

மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் குடியிருக்கும் பல தமிழ்க் குடும்பங்களைப் போல எங்கள் வேரும் ரப்பர் தோட்டத்தில்தான். அப்பா கிராணி, அதாவது தோட்டக் கணக்கர். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்கு முதல் நாள் இரவே தயாராகிவிடுவார்.

செக்ரோல் என்ற நீண்ட பேரேட்டில் வரிசையாகப் பெயர்கள், எதிரே தேதிக்கொரு கட்டம். அதிலிருந்து பால்வெட்டுக்காரர், புல்வெட்டுக்காரர், மருந்தடிப்பவர் என்று தனித்தனித் தாளில் பிரித்து எழுதுவார். யார் பிரசவித்து வீட்டில் இருக்கிறாள், எந்த மர நிரைக்கு மாற்றாள் வேண்டும் என்பதும் அதில் இருக்கும். இன்று என் மகள் ஈப்போ அலுவலகத்தில் கூட்டத்துக்கு முன் கணினியில் ஃபில்டர் அமைப்பதும் இதே வேலைதான்.

விடியுமுன் பெரட்டு நடந்ததற்குக் காரணம் மரம். அதிகாலைக் குளிரில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் குறையும்.

கட்டத்தில் குறி விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. கிராணி மகளாக இருந்தும் சொல்கிறேன், அந்தப் பேனாவுக்கு அதிகாரம் மிதமிஞ்சி இருந்தது. அதை எதிர்த்துக் கேட்கும் பலம் தொழிலாளருக்கு மெதுவாகத்தான் வந்தது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்றது. கங்காணிகளின் ஆள்சேர்ப்போ 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை தொடர்ந்தது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பின்புதான் நாடு தழுவிய பேரம் பேசும் பலம் வந்தது.

பழைய செக்ரோல் உங்கள் வீட்டில் இருந்தால் எரித்துவிடாதீர்கள். நம் பாட்டிகள் பலரின் பெயர் எழுத்தில் இருப்பது அங்கேதான்.