கிறாத்தொம் இலையும் கவா வேரும்: இரு தடைகளின் வரலாறு

1943ஆம் ஆண்டு தாய்லாந்து அரசாங்கம் ஒரு மரத்தைச் சட்டமியற்றித் தடைசெய்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1941இல், பசுபிக் சமுத்திரத்தின் தன்னா என்னும் தீவில், மக்கள் கூட்டங்கூட்டமாகத் தேவாலயங்களை விட்டு நீங்கி, பாதிரிமார் பாவமென்று விலக்கியிருந்த ஒரு வேரின் சாற்றை மீண்டும் வெளிப்படையாக அருந்தத் தலைப்பட்டனர். அவ்வியக்கத்தின் தலைவர்களைக் குடியேற்ற ஆட்சி சிறைப்படுத்தியது.

தாய்லாந்தின் மரம் கிறாத்தொம். தன்னாவின் வேர் கவா. இன்று மேலைநாட்டுக் கடைகளில் இவ்விரண்டும் ஒரே தட்டில் 'இயற்கை மூலிகை' என்ற பெயரோடு அருகருகே விற்கப்படுகின்றன. இவற்றுள் எது தீங்கு குறைந்தது என்று வாங்குவோர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆயின் மருத்துவ விஞ்ஞானம் அதற்குப் பாதி விடையே கூறும். மறுபாதியை, அவ்விலையைத் தின்றவன் யார், அவ்வேரை விலக்கியவன் யார் என்று விசாரிக்குமிடத்தே நாம் தேடவேண்டியுள்ளது.

கிறாத்தொம் கோப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த பெருமரம். நம் நாட்டு நீர்க்கடம்பு, சிங்களத்தில் ஹெலம்ப எனப்படுவது, இதன் நெருங்கிய உறவு. 1839இல் கோர்தல்ஸ் என்னும் ஒல்லாந்தத் தாவரவியலாளர் இம்மரத்தின் பூவிலே மேற்றிராணியாரின் முடியைக் கண்டு மித்திரகைனா என இவ்வினத்துக்குப் பெயரிட்டார். தென் தாய்லாந்திலும் மலாயாவின் வடபகுதியிலும் வாழ்ந்த உழவரும் மீனவரும் றப்பர்ப் பால் வெட்டுவோரும் கண்டதோ வேறு. இலையின் நரம்பை நீக்கி வாயிலிட்டு மென்றால் உச்சி வெயிலில் உடல் சோராது, பசி தெரியாது. மலாயாவில் கெத்தூம் என்னும் பெயரால் அதனைக் காய்ச்சியும் பருகினர். அபின் கிட்டாதவன் அதற்குப் பதிலாக இவ்விலையை நாடினான் என்பது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எழுதப்பட்ட செய்தி.

இப்பதிலீடுதான் இலையின் தலைவிதியை நிர்ணயித்தது. தாய்லாந்தில் அபின் அரசின் ஏகபோகப் பண்டம்; கருவூலத்தின் பெரும் ஊற்றுக்களில் ஒன்று. யுத்த காலத்தில் அபின் வரி ஏறியபோது, அதற்கு அடிமைப்பட்டிருந்தோர் வேலியோரத்து மரத்தை நாடினர். மரத்துக்கு வரியில்லை, இலைக்கு விலையில்லை. 1943 ஜனவரியில் நடந்த சட்டசபை விவாதத்தில், அபினுக்கு வரி மிகுந்திருக்கக் கிறாத்தொமுக்கு வரியே இல்லாமையால் அரசின் வருமானம் குறைகின்றது என்று ஓர் உறுப்பினர் ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார். அவ்வாண்டே கிறாத்தொம் நடுதலும் விற்றலும் உண்ணலும் குற்றமாயின. அபின் புகைத்தலோ 1959 வரை சட்டபூர்வமாக நடைபெற்றது. கொடிய நஞ்சு வரி செலுத்தியமையால் வாழ்ந்தது. அதனினும் எளிய இலை வரி செலுத்தாமையால் வீழ்ந்தது. ஒழுக்கத்தின் பெயரால் இயற்றப்படும் சட்டங்களைப் படிக்கும்போது அவ்வாண்டின் வரவுசெலவுத் திட்டத்தையும் உடன்வைத்துப் படிக்கும் பழக்கத்தை நம் மாணவர் கைக்கொள்வது நன்று.

இதனால் இலை தீங்கற்றதென்று ஆகிவிடாது. 1921இல் பிரித்தெடுக்கப்பட்ட மித்திரகைனின் என்னும் அதன் சாரம், மூளையில் மோர்பின் சென்று பற்றும் அதே இடங்களைப் பற்றுகின்றது. சிறிதளவு உண்டால் ஊக்கம். மிகுதியாக உண்டால் மயக்கமும் நோவு நீக்கமும். நாள்தோறும் பல்லாண்டு மென்றவனை இலை விடுவதில்லை. நிறுத்தினால் உடல் உளைவு, மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிதல், நித்திரையின்மை, எரிச்சல் ஆகியன தோன்றும். 1975இல் தாய்லாந்து மருத்துவரொருவர் முப்பது கிறாத்தொம் உண்போரை ஆராய்ந்து, உடல் மெலிவையும் மலச்சிக்கலையும் தோல் கறுத்தலையும் பதிவுசெய்தார். அவர்களுள் சிலரிடம் சித்தப்பிரமையும் காணப்பட்டது. இவற்றினும் நம் சிந்தனைக்குரியது வேறொன்று. இவ்விலை உழைப்பாளியின் களைப்பை நீக்கவில்லை, மறைத்தது. பத்து மணி நேர வெயிலைத் தாங்கும் வலுவைக் கூலி தரவில்லை, சோறு தரவில்லை, இலை தந்தது. அதன் இலாபத்தை அடைந்தவன் இலையை மென்றவனல்லன். தோட்டத்துக் கள்ளுக்கடையின் வரலாற்றை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

கவாவின் கதை வேறு. அது மிளகுக்கும் வெற்றிலைக்கும் உடன்பிறந்த செடி. விதையால் பெருகும் ஆற்றலை இழந்தது. தண்டை வெட்டி நட்டாலன்றி முளைக்காது. ஆகவே, வனுவாத்துவிலிருந்து பீஜி, தொங்கா, சாமோவா, ஹவாய் எனப் பெருங்கடலைக் கடந்து அது பரவியதென்றால், ஓடங்களில் மனிதர் கையோடு கொண்டுசென்று நட்டதனாலேயே பரவியது. வேரை இடித்தோ மென்றோ தண்ணீரிற் கரைத்து மாலையில் அருந்துவர். முதலில் வாயும் நாவும் மரத்துப்போகும், பின் உடல் தளரும், மனம் அமைதியுறும், அறிவு பெரும்பாலும் தெளிந்தேயிருக்கும். சாராயம் சண்டையை மூட்டுமிடத்தில் கவா பேச்சைத் தாழ்த்துகின்றது. ஊர்ப் பிணக்குகள் அக்கிண்ணத்தைச் சுற்றியே தீர்க்கப்பட்டன. அதனால்தான் போலும், பாதிரிமாருக்கு அது சகிக்கவில்லை. தன்னாவில் பிரெஸ்பிற்றேரியன் சபையார் தம் ஆதரவாளர்களான ஊர்த்தலைவர்களைக் கொண்டு நீதிமன்றங்கள் அமைத்து, கவா அருந்தியோரையும் பழைய நடனங்களை ஆடியோரையும் தண்டித்தனர். அங்கே விலக்கப்பட்டது பானம் மாத்திரமன்று. திருச்சபையின் அனுமதியின்றி மக்கள் கூடியிருந்து பேசும் மன்றமும்தான். 1941இல் ஜோன் பிறம் இயக்கத்தவர் கிண்ணத்தை மீண்டும் கையிலெடுத்தமை அரசியற் செயலாயிற்று. 1980இல் சுதந்திரம் பெற்ற வனுவாத்துவில் கவா தேசியப் பெருமையாய் விளங்குகின்றது. எனினும் அம்மன்றத்தில் பெண்ணுக்கு இடமிருக்கவில்லை என்பதையும் நாம் சொல்லாமல் விடலாகாது. ஆடவர் இரவெல்லாம் அமைதியில் ஆழ்ந்திருக்க, அடுப்பும் பிள்ளைகளும் தோட்டமும் யார் பொறுப்பில் இருந்தன?

இவ்வேருக்கும் நம்மவருக்கும் ஒரு தொடர்புண்டு. 1879 முதல் 1916 வரை அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகப் பீஜியின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் சென்றனர். அவுஸ்திரேலியச் சீனிக் கம்பனியின் வரிசை வீடுகளில் வாழ்ந்த அம்மக்களின் சந்ததியார், பீஜியரிடமிருந்து இக்கிண்ணத்தைக் கற்றுக்கொண்டனர். யங்கோனா என்று அங்கு வழங்கும் இப்பானம், நிலத்தாலும் வாக்குரிமையாலும் பிரித்துவைக்கப்பட்ட இரு சமூகத்தாரும் பகிர்ந்துகொண்ட மிகச் சிலவற்றுள் ஒன்று.

கவாவும் தீங்கற்றதன்று. மிகுதியாக அருந்துவோரின் தோல் மீன் செதில்போல வறண்டு உரியும்; உடல் மெலியும். வட அவுஸ்திரேலியாவின் ஆணெம் நிலத்து ஆதிக்குடிகளிடையே, மதுவுக்கு மாற்றாக 1980களின் தொடக்கத்தில் இது புகுத்தப்பட்டது. சடங்கும் வரம்பும் அங்கே உடன் செல்லவில்லை. தூள் மாத்திரமே சென்றது. 1988இல் வெளியான ஆய்வொன்று, அளவிறந்து அருந்தியோரிடம் ஊட்டக்குறைவையும் ஈரல் பாதிப்பின் அறிகுறிகளையும் கண்டது. ஆயின் கிறாத்தொமைப் போல் உடலைப் பிணிக்கும் அடிமைத்தனம் கவாவிற் காணப்படுவதில்லை. பழக்கத்தை நிறுத்தினால் தோலும் ஈரலும் பெரும்பாலும் தேறிவிடுகின்றன. எனவே ஊர் வழக்கப்படி, உண்ணும் அளவும் ஒத்திருக்க, இரண்டுள் கவாவே தீங்கு குறைந்தது என்பதே எமது முடிவு. மதுவோடு இதனைக் கலந்தருந்துவோனுக்கும், முன்னமே ஈரல் நோயுற்றோனுக்கும் இம்முடிவு பொருந்தாது.

பெருந்தீங்கு இரண்டிலும் மூலிகை சந்தைச் சரக்காகும்போதே தொடங்குகின்றது. ஜேர்மனிய மருந்துக் கம்பனிகள் கவா வேரைத் தண்ணீரிற் கரைக்கவில்லை. மதுசாரத்திலும் அசெற்றோனிலும் சாறிறக்கி மாத்திரைகளில் அடைத்தன. ஈரல் செயலிழந்த சம்பவங்கள் வெளிவரவே, 2002இல் ஜேர்மனி அவற்றுக்கான அனுமதியை நீக்கியது. தவறு வேரினதா, சாறிறக்கிய முறையினதா, தரங்குறைந்த தண்டையும் தோலையும் கலந்த வணிகரதா என்னும் விவாதம் நீண்டது. 2014இல் அந்நாட்டு நீதிமன்றமொன்று அத்தடை செல்லாதெனத் தீர்த்தும் பிணக்கு முடிவுறவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏற்றுமதியை நம்பியிருந்த தீவுகளின் சிறு விவசாயிகள் சந்தையை இழந்தனர்.

கிறாத்தொமிலும் இதுவே நிகழ்ந்தது. தென் தாய்லாந்தின் வேலையற்ற இளைஞர் அதன் சாற்றை இருமல் மருந்தோடும் கோலாவோடும் கலந்து குடிக்கலாயினர். அமெரிக்காவிலோ அது தூளாயிற்று, செறிவூட்டிய மாத்திரையுமாயிற்று. 2016 யூலை முதல் 2017 டிசெம்பர் வரை அங்கே ஆராயப்பட்ட, மருந்து மிகையால் நேர்ந்த 27,338 மரணங்களுள் 152இல் கிறாத்தொம் கண்டறியப்பட்டது. 91இல் அது மரணத்துக்குக் காரணமெனக் கருதப்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவற்றில் வேறு போதைப்பொருள்களும் உடனிருந்தன. இலையில் மிகச் சிறிதளவே உள்ள ஏழு-ஹைட்ரொக்சி மித்திரகைனின் என்னும் வீரியமிக்க பொருளைத் தனியே செறிவூட்டி விற்கும் வணிகம் பின்னர் எழுந்தது. 2025 யூலையில் அந்நாட்டு மருந்து அதிகாரசபை அதனைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது.

2021 ஓகஸ்டில் தாய்லாந்து கிறாத்தொமைப் போதைப்பொருட் பட்டியலிலிருந்து நீக்கியது. எழுபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் மீதிருந்த வழக்குகள் கைவிடப்பட்டன. அதே ஆண்டு டிசெம்பரில் அவுஸ்திரேலியா கவாவின் வணிக இறக்குமதிக்கு வழிதிறந்தது. தடைநீங்கிய தாய்லாந்தில் இம்முறை ஆராயப்பட்டது இலையின் ஏற்றுமதிப் பெறுமதி. வெயிலில் நின்று அதனை மென்ற றப்பர்த் தொழிலாளியின் நாட்கூலி அவ்விவாதத்தில் இடம்பெறவில்லை.