13 வருடம் கழித்துப் பிழைத்த குழந்தை

1973-ம் வருடம். எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணியை அமெரிக்காவின் மிகப்பெரிய சோப்பு கம்பெனி வேலையை விட்டு அனுப்பியது.

இதில் என்ன இருக்கிறது? கம்பெனி என்றால் ஆள் எடுப்பார்கள், ஆளை அனுப்புவார்கள். ஆனால் இந்தப் பெண்மணி கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் இல்லை. கதை எழுதிக்கொண்டிருந்தவர். அதுவும், 17 வருடத்துக்கு முன்னால் அவரே பெற்றெடுத்த கதை. அந்த ஊர் அவர் உண்டாக்கியது. அங்கே நடமாடும் மனிதர்கள் அவர் பேர் வைத்தவர்கள். அந்த ஊரிலிருந்தே அவரைத் துரத்திவிட்டார்கள்.

அவர் பெயர் இர்னா ஃபிலிப்ஸ். ஊரின் பெயர் ஓக்டேல். தொடரின் பெயர் 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்'.

அப்படி என்ன குற்றம் செய்தார்? சொல்கிறேன். அதற்கு முன்னால் அவர் பார்த்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்காவில் பகல் நேரத் தொடர்களுக்கு 'சோப் ஆப்பரா' என்று பெயர். காரணம் ரொம்ப எளிது. 1930-களில் பகலில் ரேடியோ கேட்டவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்த பெண்கள். அவர்களிடம் விற்க வேண்டிய சரக்கு சோப்பு. ஆகவே சோப்பு கம்பெனிகள் காசு போட்டுக் கதை நடத்தின. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் விளம்பரத்தோடு நிற்கவில்லை. தொடர்களையே சொந்தமாக வைத்துக்கொண்டது.

அப்புறம் டிவி வந்தது. வாரத்துக்கு ஐந்து நாள், வருடத்துக்குச் சுமார் 250 எபிசோடு. நடுவில் சீசன் முடிந்தது, லீவு என்கிற பேச்சே கிடையாது. தனி ஆளாக எழுதித் தீராது. எனவே தலைமை எழுத்தாளர் என்று ஒருவர். அடுத்த ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு கதை எந்தப் பக்கம் போகும் என்பதை அவர் முடிவு செய்வார். அவருக்குக் கீழே சிலர் அதை நாள் நாளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். இன்னும் சிலர் வசனம் எழுதுவார்கள். யார் யாரைக் காதலிக்க வேண்டும், யாருக்கு வியாதி வரவேண்டும், யார் காரோடு பள்ளத்தில் விழவேண்டும் எல்லாம் அந்த ஒரு நாற்காலி சமாசாரம்.

பிரம்மா வேலைதான். ஒரே வித்தியாசம், ரேட்டிங் குறைந்தால் இந்தப் பிரம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

இர்னா பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். 1930-ல் சிகாகோவின் டபிள்யூஜிஎன் ரேடியோவில் 'பெயிண்டட் ட்ரீம்ஸ்' எழுத ஆரம்பித்தார். அமெரிக்காவின் முதல் சோப் ஆப்பரா என்று அதைத்தான் சொல்வார்கள். எழுதியது நான், கதையும் என்னுடையதுதான் என்று கோர்ட்டுக்குப் போனார். தோற்றார். அசரவில்லை. 1937-ல் 'தி கைடிங் லைட்'. அது ரேடியோவில் தொடங்கி, 1952-ல் டிவிக்கு வந்து, 2009 வரை ஓடியது. மொத்தம் 72 வருடம்! 1956-ல் 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்'. அதுவரை கால் மணி நேரமாக இருந்த டிவி சோப்பை அரை மணி நேரமாக்கிய தொடர்.

அம்மணி எழுத மாட்டார். சொல்வார். ஒவ்வொரு பாத்திரமாக மாறிப் பேசிக்கொண்டே போவார், செக்ரட்டரி டைப் அடிக்க வேண்டும். அதிகாரமும் அதற்கேற்ற மாதிரிதான். வீட்டுத் தலைவி நான்சி ஹ்யூஸாக நடித்த ஹெலன் வாக்னர், ஆரம்ப மாதங்களிலேயே வேலை இழந்தார். காரணம்? அவர் காபி ஊற்றிய விதம் இர்னாவுக்குப் பிடிக்கவில்லையாம்! நல்லவேளை, சீக்கிரமே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1963 நவம்பர் 22 அன்று நேரடி ஒளிபரப்பில் இதே நான்சி பேசிக்கொண்டிருந்தபோதுதான் காட்சி நின்றது. வால்டர் கிரான்கைட்டின் குரல் வந்தது. கென்னடியைச் சுட்டுவிட்டார்கள்.

அந்த நாற்காலியின் பலம் என்ன என்று காட்டியவர், இர்னாவின் சிஷ்யை ஆக்னஸ் நிக்ஸன். 'தி கைடிங் லைட்' அவர் கைக்கு வந்திருந்த சமயம். அவருடைய தோழி ஒருவர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்துபோனார். முன்பே கண்டுபிடித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். அதற்கான பேப் ஸ்மியர் பரிசோதனை அப்போதே வந்தாயிற்று. ஆனால் எத்தனை பெண்களுக்குத் தெரியும்?

ஆக்னஸ் ஒரு முடிவுக்கு வந்தார். தொடரின் செல்ல நாயகி பெர்ட் பவரை டாக்டரிடம் அனுப்புவது.

சேனலும் சோப்பு கம்பெனியும் யோசித்தன. சரி, ஆனால் ஒரு கண்டிஷன் என்றன. புற்றுநோய் என்ற வார்த்தை வரக்கூடாது. கர்ப்பப்பை என்ற வார்த்தை வரக்கூடாது. கர்ப்பப்பையை அகற்றும் அறுவைசிகிச்சையின் பெயரும் வரவே கூடாது.

அப்புறம் எதைத்தான் சொல்வது?

ஆக்னஸ் சொன்னார். மூன்று வார்த்தையும் இல்லாமலேயே, 1962-ல், கேட்கிற எல்லாப் பெண்களுக்கும் புரிகிற மாதிரி சொன்னார். குடும்ப வேலையில் தன் உடம்பைக் கவனிக்காமல் விட்ட பெர்ட், கடைசியில் பரிசோதனைக்குப் போனாள், பிழைத்தாள். இதையே புதிதாக ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து செய்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். பெர்ட் அப்படியில்லை. தினமும் மதியம் வீட்டுக்கு வந்துபோகிறவள். அவளுக்கே வந்தால் நமக்கும் வரலாமே என்று தோன்றும். ஆக்னஸ் பயன்படுத்திக்கொண்டது அந்த உறவைத்தான்.

இப்போது 1973-க்கு வரலாம்.

நடுவில் சில காலம் விலகியிருந்த இர்னா, 1972-ல் 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' நாற்காலிக்குத் திரும்பினார். போட்டிச் சேனல்களில் இளசுகளைக் கவரும் தொடர்கள் வரிசை கட்டி நின்றன. ஏதாவது செய்தாக வேண்டும். கிம் என்று ஒரு புதுப் பெண்ணைக் கொண்டுவந்தார். அவளுடைய அக்கா ஜெனிஃபர். அக்கா புருஷன், டாக்டர் பாப் ஹ்யூஸ். ஓக்டேலின் தங்கமான பிள்ளை. கிம்முக்கும் பாபுக்கும் உறவு ஏற்படுகிறது. கிம் கர்ப்பமாகிறாள். கதை இதுதான்.

நேயர்கள் கொதித்துப்போனார்கள். பாப் பாத்திரத்தில் டான் ஹேஸ்டிங்ஸ் 1960 முதல் நடித்துவந்தார். 12 வருடமாகத் தினமும் பார்த்த மனிதன் ஒரே நாளில் வேறு ஆளாக மாறினால் யார் ஏற்பார்கள்? சரி, தப்பு செய்தவளையாவது தண்டித்துவிடுங்கள் என்று நெருக்கடி. இர்னா மசியவில்லை. கிம் அழமாட்டாள், வெட்கப்படமாட்டாள், குழந்தையைப் பெறுவாள் என்று நின்றார்.

ஏன் இத்தனை பிடிவாதம்?

இர்னாவின் சொந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் புரியும். இளம் வயதில் கர்ப்பமானார். காதலித்தவன் கைவிட்டுப் போனான். குழந்தை இறந்தே பிறந்தது. அதன்பிறகு அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்துத் தனியாக வளர்த்தார். கிம்மைத் தன் சாயலில்தான் படைத்தார் என்பார்கள்.

ஒரு எழுத்தாளருக்கு அவ்வளவு நியாயமும் இருந்தது. ஆனால் அந்த நியாயத்துக்காக, நேயர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்த பாபைப் பலி கொடுத்துவிட்டார். அவன் ஏன் தடம் மாறினான் என்று அவர்கள் நம்பும்படி சொல்லவில்லை. அங்கேதான் சறுக்கல்.

வேலை போயிற்று. கிம்மின் குழந்தை இறந்துவிட்டது என்று கதையை மூடினார்கள். அதே வருடம் டிசம்பரில் இர்னாவும் இறந்துபோனார்.

பெற்றவளே கெடுத்தாள் என்று பேச்சு. சரி, வந்தவன் என்ன செய்தான்?

1985. தொடர் களை இழந்திருந்தது. டக்ளஸ் மார்லண்ட் என்பவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 1970-களின் இறுதியில் மூடுவிழாவுக்குத் தயாராக இருந்த 'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடரைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஒருவர். 'தி கைடிங் லைட்'டுக்கும் எழுதினார். அங்கே ஒரு நடிகையைத் தயாரிப்பாளர் நீக்க, அதை எதிர்த்து வேலையையே விட்டுவிட்டு வந்த ஆள்.

இந்த மாதிரி ஒருவர் வந்தால் முதல் காரியமாகப் பழைய ஆட்களை வெளியே தள்ளுவது வழக்கம். ஒரு விமான விபத்து போதும், பத்து பாத்திரங்கள் காலி. மார்லண்ட் செய்யவில்லை. ஒரு தொடரைக் கெடுக்காமல் இருப்பது எப்படி என்று பின்னாளில் அவர் ஒரு பட்டியலே சொன்னார். சாராம்சம் இவ்வளவுதான். முதலில் தொடரைப் பார். அதன் பழைய கதையைப் படி. நேயர் கடிதங்களைப் படி. நடிகர்களிடம் பேசு, அவர்களுக்குத்தான் தங்கள் பாத்திரம் நன்றாகத் தெரியும். ஆறு மாதத்துக்கு யாரையும் நீக்காதே. புது ஆட்களை மெதுவாக நுழை, பழைய ஆட்களோடு முடிச்சுப் போடு. அடிப்படைப் பாத்திரத்தின் குணத்தை மாற்றாதே.

நடக்கிற வியாபாரத்தை விலைக்கு வாங்குகிறவருக்கு இது தெரிந்த பாடம். கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை போடலாம். குட்வில்லை அப்படி எண்ணிப் பார்க்க முடியாது. ஆனால் போட்ட காசு அதில்தான் இருக்கிறது.

மார்லண்டும் புதுக் குடும்பத்தைக் கொண்டுவந்தார். ஸ்னைடர் குடும்பம். பண்ணை வீட்டுக்காரர்கள். மார்லண்டே நியூயார்க் மாநிலத்துக் கிராமத்துப் பண்ணையில் வளர்ந்தவர்தான். ஆனால் அவர்களை அந்தரத்தில் விடவில்லை. பணக்கார லூசிண்டாவின் வளர்ப்பு மகள் லில்லியைப் பெற்ற தாய், அந்தப் பண்ணை வீட்டு ஐவா என்று முடிச்சுப் போட்டார். பழைய வீட்டில் புது ஆட்கள் சொந்தக்காரர்களாக நுழைந்தார்கள்.

அப்புறம் பழைய கணக்குகளைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அந்தக் குழந்தை இருந்தது.

1986. கிம்மும் பாபும் அதற்குள் கணவன் மனைவி. பாபுக்கும் ஜெனிஃபருக்கும் பிறந்த மகள் ஃப்ரான்னி. ஒருநாள் ஃப்ரான்னியை அச்சில் வார்த்த மாதிரி இன்னொரு பெண் வந்து நிற்கிறாள். சப்ரினா. வேறு குடும்பத்தில் வளர்ந்தவள். 1973-ல் செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட கிம்மின் குழந்தை! இரண்டு பேராகவும் நடித்த பெண்ணுக்கு 1988-ல் பகல் நேர எம்மி விருது கிடைத்தது. அவர் ஜூலியான் மூர். 2015-ல் ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான்.

செத்தவரைப் பிழைக்க வைப்பது சோப்பில் புதிதா என்று கேட்பீர்கள். இல்லை. 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' தொடருக்கு 1993-ல் வந்த ஜேம்ஸ் ரைலி, ஒரு பெண்ணை உயிரோடு புதைத்தார். டாக்டர் மார்லினாவுக்குப் பேய் பிடிக்க வைத்தார். ரேட்டிங் எகிறியது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2003-ல் திரும்பி வந்து, தொடரின் பழைய ஆட்களை ஒவ்வொருவராகக் கொன்றார். பிறகு எல்லோரும் ஒரு தீவில் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்றார்! அப்புறம் அந்த ஊரில் யார் செத்தால் யார் அழுவார்கள்?

மார்லண்டின் கணக்கு வேறு. கிம் 13 வருடமாகச் சுமந்த துக்கம் ஒன்று கதையில் பாக்கி இருந்தது. அதைத் தீர்த்துவைத்தார். எம்மியின் சிறந்த தொடர் விருது 1987-லும் 1991-லும் 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடருக்குப் போனது. 1993 மார்ச்சில் இறக்கும்வரை மார்லண்ட் அந்த நாற்காலியில்தான் இருந்தார்.

2010-ல் தொடர் முடிவுக்கு வந்தது. அந்த வருடம் ஏப்ரலில் பாப்-கிம் தம்பதியின் 25-வது திருமண நாள் காட்சி. ஃப்ரான்னியாக ஜூலியான் மூரும் வந்து வாழ்த்திவிட்டுப் போனார். எந்த ஜோடியால் இர்னாவின் வேலை போனதோ, அந்த ஜோடிதான் ஓக்டேலின் பெரியவர்கள்.

1956-ன் முதல் எபிசோடு, நான்சி தன் கணவனுக்குக் காலை வணக்கம் சொல்வதில் ஆரம்பித்தது. காபி ஊற்றத் தெரியாது என்று நீக்கப்பட்ட ஹெலன் வாக்னர், தொடர் முடிவதற்குச் சில மாதங்கள் முன்பு, 91 வயதில் இறக்கும்வரை நான்சியாகவே இருந்தார். 2010 செப்டம்பர் 17 அன்று, கடைசிக் காட்சியில், ஓய்வு பெறும் டாக்டர் பாப் தன் அறையை ஒருமுறை பார்த்தார். இரவு வணக்கம் சொன்னார். வெளியே போனார்.

இடையில் 54 வருடம். அந்த நாற்காலியில் எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்து போனார்கள். நான்சியும் பாபும் மட்டும் கடைசிவரை அதே வீட்டில் இருந்தார்கள்.