ஒரு கசப்புக் கிழங்கின் பயணம்

தென்மேற்குச் சீனாவில், சோங்சிங் பகுதியைச் சேர்ந்த மலை மாவட்டம் ஷிஜூ. குளிரும் ஈரமும் நிறைந்த அதன் சரிவுகளில் நிழலுக்குப் பந்தல் போட்டு ஹுவாங்லியான் என்னும் மூலிகையை வளர்க்கிறார்கள். கிழங்கு முற்ற ஐந்தாண்டு வரை ஆகும். தோண்டி மண்ணைத் தட்டினால் கோழிக்கால் போல விரல் விரித்துக் கிடக்கும். ஒடித்தால் உள்ளே பளிச்சென்ற மஞ்சள். கசப்போ கடும் கசப்பு. வெளியே சொல்ல முடியாத துயரத்தை, ஊமை ஹுவாங்லியான் தின்றதைப் போல என்பார்கள் சீனர்கள்.

வயிற்றுக்கடுப்புக்குத்தான் முதலில் பேர் வாங்கியது. சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன் சீன அறிஞர் தாவோ ஹோங்ஜிங் தொகுத்த மருந்து நூல், தீராத் தாகத்தோடு உடல் மெலியும் நோயையும் இது தணிக்கும் என்றது. நாம் சர்க்கரை நோய் என்று சொல்வதும் அந்த நோய்க்குள் அடங்கும். பிறகு, கிழங்கின் மஞ்சள் சத்தான பெர்பெரின் மலிவான பேதி மாத்திரையாகச் சீன மருந்துக்கடைகளுக்கு வந்தது. (நம் நாட்டுமருந்துக் கடை மரமஞ்சளில் இருப்பதும் இதே சத்துதான்.) அதைச் சாப்பிட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தச் சர்க்கரையும் இறங்குவதைக் கவனித்த சீன மருத்துவர்கள் 1988-ல் அதைப் பதிவு செய்தார்கள்.

சர்க்கரை நோயாளியின் இதயத்துக்கு இரண்டு பக்கமும் அடி. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து ரத்தக்குழாயின் உட்சுவரை அரிக்கின்றன. நரம்பு மரத்துப்போனவருக்கு மாரடைப்பு வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். அதனால்தான் 2004-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த சீன ஆய்வு முக்கியமானது. மூன்று மாதம் பெர்பெரின் சாப்பிட்ட 32 பேருக்குக் கெட்ட கொழுப்பு 25 சதவீதம் குறைந்தது. கல்லீரல் செல்கள் ரத்தத்திலிருந்து கொழுப்பைப் பிடித்திழுக்கும் வாங்கிகளை அது கூட்டுகிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேலை செய்யும் வழி வேறு. புதிதாகச் சர்க்கரை கண்ட 36 பேரிடம் நடத்தி 2008-ல் வெளியான ஷாங்காய் ஆய்வு ஒன்றில், பெர்பெரின் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினுக்கு ஏறக்குறைய ஈடாகச் சர்க்கரையைக் குறைத்தது.

சிங்கப்பூரில் கதை வேறு. பச்சிளம் குழந்தைகளின் காமாலையைக் கடுமையாக்கும் என்ற அச்சத்தால் 1978-ல் பெர்பெரினுக்குத் தடை விழுந்தது. ஹுவாங்லியானுக்கு அது நீங்கியது பல பத்தாண்டுகள் கழித்துத்தான்.

2023-ல் அமெரிக்கச் சமூக ஊடகங்கள் பெர்பெரினை எடை குறைக்கும் அதிசயமாக்கிவிட்டன. எனக்குக் கவலை அங்கேதான். சிறு ஆய்வுகளில் சர்க்கரையும் கொழுப்பும் இறங்கியது உண்மை. ஆனால் மாரடைப்பும் மரணமும் குறைகின்றன என்று எந்தப் பெரிய, நீண்டகாலச் சோதனையும் இன்னும் நிறுவவில்லை. பெர்பெரினை நம்பி மெட்ஃபார்மினையோ ஸ்டாட்டினையோ நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. மருத்துவரிடம் சொல்லாமல் கூடுதலாகச் சேர்ப்பதும் ஆபத்து. சர்க்கரையால் சிறுநீரகம் பழுதாகி மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களில் சிலர், உடல் அதை நிராகரிக்காமல் இருக்க, சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிறார்கள். ரத்தத்தில் அந்த மருந்தின் அளவைப் பெர்பெரின் ஏற்றிவிடும்.