ரூபகுண்டத்தின் எலும்புகள்

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் உங்கள் நினைவுக்கு வரும். நான் இன்று சொல்ல வந்தது ஓர் ஏரியின் வரலாறு. உத்தராகண்ட மாநிலத்துச் சமோலி மாவட்டத்தில், திரிசூல் மலையின் மடியில், 5,000 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் கிடக்கிறது ரூபகுண்டம். ஏரி என்பதே அதற்குச் சற்று மிகையான பெயர். குறுக்களவு 40 மீட்டர் அளவே. நம் ஊர்க் கோயில் குளங்கள் பல அதனினும் பெரியவை.

முன்னொரு காலத்தில் அம்மலைச்சரிவில் பெய்த பனி ஆண்டுக்காண்டு திரண்டு இறுகிப் பனியாறாயிற்று. தன் எடையாலேயே மெல்ல நகர்ந்த அது, அடிப்பாறையை அரைத்துக் கிண்ணம் போலக் குடைந்தது. பனி பின்வாங்கிய பிறகு அக்குழியில் உருகுநீர் தங்கியது. ஆண்டின் பெரும்பகுதி அந்நீர் உறைந்தே கிடக்கும். கோடையின் இறுதியில் சில வாரங்கள் மட்டுமே பனி விலகும். அப்பொழுது நீரும், நீரினுள்ளும் கரையிலும் கிடப்பவையும் புலப்படும். கிடப்பவை மனித எலும்புகள். ஒருவர் இருவருடையவை அல்ல, நூற்றுக்கணக்கானோருடையவை.

1942-ஆம் ஆண்டில் ஹரி கிஷன் மத்வால் என்னும் வனத்துறை அலுவலர் அவற்றைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தார். உலகப் போர் நடந்த காலமாதலின், ஊடுருவி வந்த ஜப்பானிய வீரர்களோ என்ற ஐயம் முதலில் எழுந்தது. எலும்புகளோ மிகப் பழையவை. 1841-இல் திபெத்தின்மீது படையெடுத்த சோராவர் சிங்கின் வீரர்கள் என்று சிலரும், கொள்ளைநோயால் மாண்டவர்கள் என்று சிலரும் கூறினர். மலைநாட்டு மக்களுக்கு இந்த ஐயமெல்லாம் இல்லை. நந்தாதேவியை வழிபடச் சென்ற கன்னோசி மன்னன் ஜசதவளன் ஆடல் மகளிருடன் ஆரவாரமாகப் போனான். சினங்கொண்ட தேவி கல்மழை பொழிந்து அனைவரையும் மாய்த்தாள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. நந்தாதேவி ராஜயாத்திரை, நான்கு கொம்புள்ள ஆட்டுக்கடா ஒன்றை முன்னே விட்டு, இன்றும் அவ்வழியேதான் செல்கிறது. 2000-இலும் 2014-இலும் அது நடைபெற்றது.

2004-இல் அறிஞர் குழுவொன்று எலும்புகளை ஆராய்ந்தது. காலம் ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டு என்றும், சில மண்டையோடுகளில் உள்ள காயங்கள் மேலிருந்து விழுந்த உருண்டையான பொருளால் நேர்ந்தவை என்றும் கூறியது. ஆகவே ஆலங்கட்டி மழை! நாட்டுப்பாடலும் அறிவியலும் கைகோத்துக் கொண்டதைக் கண்டு நான் எவ்வளவு மகிழ்ந்தேன் தெரியுமா? பல ஆண்டுகள் என் வகுப்பில் இதனை முடிந்த முடிபாகவே பாடஞ் சொன்னேன்.

2019-இல் அம்முடிபு தகர்ந்தது. ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் பிற நாட்டு அறிஞர்களும் சேர்ந்து 38 பேருடைய எலும்புகளின் மரபணுவைப் படித்தனர். இருபத்து மூவர் இந்தியத் துணைக்கண்டத்தினர், கி.பி. 800-ஐ ஒட்டிய காலத்தினர். அவர்களும் ஒரே நாளில் மாண்டவர்களாகத் தோன்றவில்லை. பதினால்வர் கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதி மக்களோடு, கிரேக்கரோடும் கிரீட் தீவினரோடும், நெருங்கிய மரபினர்! ஒருவர் தென்கிழக்கு ஆசியர். இப்பதினைவரும் இறந்தது ஏறத்தாழ 1800-ஆம் ஆண்டளவில். இரு கூட்டத்துக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள். கிரேக்க மரபினர் அங்கே ஏன் வந்தனர் என்பதற்கு இதுவரை எந்த ஆவணமும் விடை தரவில்லை. அடுத்த நாள் வகுப்பில், நான் சொன்னது தவறு என்று மாணவர் முன் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அது எளிதாக இருக்கவில்லை.

விடை ஏன் கிடைக்கவில்லை? ஓர் எலும்பு எங்கே, எதன் மேல், எதன் அருகே கிடந்தது என்பதுதான் அதன் முகவரி. ரூபகுண்டத்தில் அம்முகவரி கலைந்துவிட்டது. பாறைச் சரிவும் உருகுநீரும் செய்தது ஒரு பங்கு. மனிதர் செய்தது மற்றொரு பங்கு. லோகாஜங்கிலிருந்து வாண் சிற்றூர் கடந்து, பேதினிப் புல்வெளியின் அழகைக் கண்டு, ஏரிக்கு ஏறும் மலைநடை இளைஞரிடையே பெரும்புகழ் பெற்றது. வந்தவர்கள் எலும்புகளை எடுத்துப் பார்த்தனர். இடம் மாற்றிப் படத்துக்காக அடுக்கினர். சிலர் பையிலும் போட்டுக்கொண்டனர். 2018-இல் உத்தராகண்ட உயர்நீதிமன்றம் மலைப்புல்வெளிகளில் இரவு தங்குவதைத் தடை செய்தது. அது புல்லைக் காப்பதற்காக.

நான் ஒருமுறை பேதினி வரை சென்று, மூச்சுத்திணறித் திரும்பியவன். ஏரியைக் கண்டதில்லை. ஆயினும் அதன் எலும்பு ஒன்றைத் தொட்டிருக்கிறேன். நண்பர் ஒருவர் தம் வீட்டு அலமாரியில், கடற்கரைச் சங்குகளுக்கு நடுவே, ஒரு விரல் எலும்பை வைத்திருந்தார். பெருமையோடு என் உள்ளங்கையில் வைத்தார். நானும் வியந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கண்டித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. 2019-ஆம் ஆண்டுச் செய்தியைப் படித்த பிறகு, அதனை ஆய்வாளரிடம் சேர்ப்பிக்கலாமே என்று அவரிடம் சென்று கேட்டேன். வீடு மாற்றியபோது எங்கோ தவறிவிட்டது என்றார்.